சுவரில் அப்பாவின் பெயரைக் காத்துவரும் கைகளுக்கு

லண்டன் கோவிட் நினைவுச் சுவரைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு வணக்கம்.

2020 ஏப்ரலில் என் அப்பா கோவிட்டால் இறந்தார். கடைசியாக முகம் பார்க்கவும் வாய்க்கரிசி போடவும் எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அத்தை தன் அண்ணனின் தகனத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தார். எட்டுச்செலவு, அந்தியேட்டிச் சடங்குகளும் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழக்கூட யாரும் வர முடியவில்லை.

மறு ஆண்டு மார்ச் 29 அன்று, உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய தேம்ஸ் கரைச் சுவரில், அனுமதிக்குக் காத்திராமல், சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கின. ஓர் உயிருக்கு ஓர் இதயம். சில நாட்களில் அவை ஏறத்தாழ 1,50,000 ஆயின. சுவரில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிறைந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாடாளுமன்றம். ஆட்சியில் இருப்பவர்களின் கண்ணில் படும்படி அந்த இடத்தைத் தேர்ந்தவர்களுக்கு என் முதல் நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்த வேலை. மார்க்கர் பேனாவால் வரைந்த இதயங்கள் வெயிலிலும் மழையிலும் வெளிறின, பெயர்கள் மங்கின. அப்படியே விட்டிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ வெள்ளிக்கிழமைதோறும் வந்து, வெளிச்சுவருக்குப் பூசும் பெயிண்டால் ஒவ்வோர் இதயத்தையும் திரும்பத் தீட்டுகிறீர்கள். புதிய இதயங்களும் சேர்ந்து இன்று 2,40,000-ஐத் தாண்டிவிட்டன. உங்களில் பலரும் எங்களைப் போலவே உறவை இழந்தவர்கள்.

அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தோம். அதைப் புதுப்பித்த பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. மங்கிய கோடுகளைப் படம் எடுத்துவைத்து, இதயத்துக்குச் சிவப்புப் பூசிக் காய்ந்ததும், படத்தைப் பார்த்துப் பார்த்துச் சுழியும் கொம்பும் பிசகாமல் எழுதினார். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் என் அம்மாவிடம் தூரிகையைக் கொடுத்து வைக்கச் சொன்னார். சகோதரி, நீங்கள் யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருங்கள்.

லண்டன் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாவு நடந்திருந்தால், ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். இவர்கள் இருப்பார்கள்.

நன்றியுடன்,
ஒரு மகள்