60 காட்டவேண்டிய இடத்தில் 120: வாகன முகவர் நிறுவனத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமைத்துவப் பணிப்பாளர் அவர்களுக்கு,

தை மாதம் தொடக்கம் வாகன வயரிங் வரைபடங்களைக் கேட்டு நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும், அவை அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளுக்கு மட்டுமே வழங்கப்படும் என்ற ஒரே வரியே பதிலாக வந்ததால், இதைப் பலரறிய எழுதவேண்டியதாயிற்று. அப்படியொரு பணிமனை வன்னியில் இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வானின் கதையும் தங்களுக்குத் தெரியும். கார்த்திகை மழைக்குப் பின்னர் ஒரு காலை, டாஷ்போர்ட் விளக்குகள் அத்தனையும் எரிய அது நின்றுவிட்டது. பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் செருகும் சொக்கற்றின் 6ஆம், 14ஆம் பின்களுக்கிடையே மீற்றர் பிடித்தேன். வாகனத்தின் சிறு கணினிப் பெட்டிகளான மொடியூல்கள் ஒன்றோடொன்று பேசும் கான் வயர்ச் சோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று சமாந்தரமாக இருப்பதால், இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டவேண்டும், 120 காட்டியது. ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அந்த முனை எஞ்சின் மொடியூலிலா, பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் மொடியூலிலா, வேறெங்குமா என்பதுதான் தெரியவில்லை. அதற்கு வேண்டியிருந்தது வரைபடத்தின் ஒரேயொரு பக்கம்.

பதினொரு நாள் பொறுத்த உரிமையாளர், வானை லொறியில் ஏற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குக் கொண்டுசென்றார். அங்கே ஏபிஎஸ் மொடியூல் புதிதாக மாற்றப்பட்டது. பழையதைப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் என்னிடம் தந்தார். அதன் இணைப்புப் பின் ஒன்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு அளந்தேன்: 120 ஓம், குறையில்லை. மொடியூலில் வேறு பழுதே இல்லையென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பின்னைத் தேய்த்துப் பார்க்காமல் மாற்றியது நியாயமா?

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்கொடுத்து, மண்ணெண்ணெயில் வாகனம் ஓடவைத்த கைகள் இவை. அன்று எங்களுக்குப் பொருள் இல்லை. இன்று பொருள் இருக்கிறது, வரைபடங்களைத் திறக்கும் தங்கள் இணையக் கணக்கின் கடவுச்சொல் இல்லை. கொழும்பு போகும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போன வாகனங்கள், இப்போது லொறியின் முதுகில் இருந்தபடியே பிள்ளையாரைக் கும்பிட்டுப் போகின்றன. பிள்ளையாருக்காவது அந்த இணையக் கணக்கு வழங்கப்பட்டிருக்கிறதோ என்னவோ.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருளவும். நான் கேட்பது புதுமையல்ல; சுயாதீன திருத்துநர்களுக்கும் திருத்தத் தகவலை வழங்கவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே ஒழுங்குவிதி இயற்றிவிட்டது. இலவசமாகவும் கேட்கவில்லை, நியாயமான கட்டணத்தைச் செலுத்துகிறேன். திருட்டுத் தடுப்புப் பூட்டின் குறியீடுகள் தங்களிடமே இருக்கட்டும். வயரிங் வரைபடங்களையும், மாற்றிய மொடியூலை வாகனத்துக்கு அறிமுகப்படுத்தும் வசதியையும் எங்கள் கராஜ்களுக்கும் திறந்துவிடுமாறே தயவுடன் கேட்கிறேன். இரண்டும் ஒருசேர முடியாதெனில், வரைபடங்களையேனும் முதலில் தாருங்கள்.

கழற்றிய மொடியூல் என் மேசையில் இருக்கிறது. தங்கள் பொறியியலாளர் எவரேனும் இப்பக்கம் வந்தால் அளந்து பார்க்கலாம். மீற்றர் நான் தருகிறேன்.

இவ்வண்ணம்,
பரந்தனிலிருந்து ஒரு கராஜ்காரன்