எங்கள் கூத்தை எங்களுக்கும் ஒருமுறை காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஆப்பிரிக்கா, 2004இல் நைஜரிலேயே விபத்தில் மரணம் என்று எல்லாம் சொன்ன கட்டுரையாளர், முக்கியமான ஒரு சங்கதியை விட்டுவிட்டார்.

ரூஷ் 1941இல் நைஜருக்குச் சாலை போடப் போன பிரெஞ்சு எஞ்சினியர். அப்புறம் நண்பர்களோடு நைஜர் ஆற்றில் போனபோது கேமரா ஸ்டாண்டு தண்ணீரோடு போய்விட, சரி என்று கையில் பிடித்தே எடுக்கப் பழகினார். 1951இல் அங்கே மீனவர்கள் நீர்யானை வேட்டையாடுவதைப் படமாக்கி, பிற்பாடு அதே ஊருக்குக் கொண்டுபோய் அவர்களுக்கே போட்டுக் காட்டினார். பார்த்தவர்கள், வேட்டை நேரத்தில் எதற்குப் பாட்டு, சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிவிடாதா என்று கேட்டுவிட்டார்கள். விறுவிறுப்புக்காக அவர் சேர்த்திருந்தது அந்த ஊர் வேட்டைக்காரர்களின் மெட்டுத்தான். இருந்தும் அந்தப் பாட்டைப் படத்திலிருந்து நீக்கிவிட்டார்.

இதை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. வடஆற்காடு மாவட்டத்தை 1989இல் பிரித்தார்களே, அதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடுகிற பாரதத் திருவிழாவைப் படமெடுக்கச் சிலர் வந்தார்கள். கடைசி மூன்று நாளுக்குத்தான் வந்தார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் தவத்துக்காக மரம் ஏறுகிற அர்ச்சுனன் தபசு முடிந்துபோயிருந்ததால், பகல் வெளிச்சத்தில் இன்னொரு தரம் மரம் ஏறச் சொன்னார்கள். கூத்து வாத்தியார் மறுத்துவிட்டார். பிள்ளை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்கிற இடம், கேமராவுக்காக எப்படி ஏறுவது என்றார். மற்றபடி குறை சொல்ல மாட்டேன், ராத்திரி பூராவும் தூங்காமல் எடுத்தார்கள், எங்கள் வீட்டில்தான் கூழ் குடித்தார்கள், லைட் பிடித்தவன் நான். ஊருக்கு ஒரு காப்பி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

வரவில்லை. நாலைந்து வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு திரையிடலில் தற்செயலாகப் பார்த்தேன். வாத்தியார் அரிதாரம் பூசி முடித்து, தோளில் கட்டுகிற புஜக்கட்டையின் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்குகிறார், அரை நிமிஷம்கூட இருக்காது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது படுகளம், துரியோதனன் சாகிற இடம். காலை வெயிலில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்க, பெண் வேடக்காரர் மாரடித்து ஒப்பாரி வைக்கிற கட்டம். அந்தக் குரலை இறக்கிவிட்டு மேலே வயலின் போட்டிருந்தார்கள்! ஊரில் போட்டுக் காட்டியிருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிழவியே கேட்டிருப்பாள், ஏம்பா, ஒப்பாரி எங்கே என்று.

வாத்தியார் ஒவ்வொரு ஆடிக்கும் கேட்பார், “தம்பி, நம்ம படம் வந்துச்சா?” கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேரன் இப்போது கூத்தில் முகவீணை என்கிற ஊதுகுழல் வாசிக்கிறான், தாத்தா ஆடி அவன் பார்த்ததில்லை.

எடுத்தவர்களின் பெயரை எழுதி அவமானப்படுத்துவது என் நோக்கம் அல்ல. இந்தப் பக்கத்துக் கூத்து, தீமிதி எதையாவது படமெடுத்து வீட்டில் டேப்பாகவோ சுருளாகவோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், வருகிற பாரதத்துக்கு எடுத்துவரும்படி கேட்கிறேன். புரொஜெக்டரை வேலூரில் நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். கோயில் சுவருக்கு இப்போதுதான் வெள்ளை அடித்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்