'பச்சை'க்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

தமிழ் அகராதி தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் அடுத்த பதிப்பில் 'பச்சை' என்ற சொல்லை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் நிறம், அப்புறம் வேகாதது, ஈரமானது, இளமையானது, ஆபாசமானது என்று எண் போட்டு அடுக்கினால், ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்களாகத்தான் தெரிகின்றன. அவை அப்படி இல்லை.

பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சரிசியும் பச்சைக் கற்பூரமும் வெள்ளை. காய்ச்சாத தண்ணீர், புழுக்காத நெல்லின் அரிசி என்று பார்த்தால், தீ படாததுதான் பச்சை. 660ஆம் திருக்குறளில் வரும் 'பசுமண் கலம்' சூளையில் சுடாத பானை. தப்பான வழியில் சேர்த்த பொருளைக் காப்பது, அதில் நீர் ஊற்றிவைப்பது போல என்கிறார் வள்ளுவர். அவ்வளவு பழைய பொருளை நிறத்தோடு சேர்த்து முன்வரிசையில் வைக்கலாமே.

அடுத்து, காலம் படாதது: பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சை உடம்பு. இதில் கடைசியைத் தயவுசெய்து விரித்து எழுதுங்கள். பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவளைப் பற்றி, "பச்சை உடம்புக்காரி, பனியில் நிற்க விடாதே" என்கிறார்கள். உள்ளே ரணம் ஆறவில்லை என்ற அறிவும், அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற அக்கறையும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. 'பிரசவித்தவளின் உடல்' என்று முடித்துவிட்டால் அந்த அக்கறை ஏட்டில் ஏறாது. வயதான பெண்களின் பேச்சில் இது எப்படியெல்லாம் வருகிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பச்சைக்கொடி காட்டுவதற்கு ஒரு வரி போதும். பச்சை குத்துவதற்கு மட்டும், கறுப்பு மைகூடத் தோலுக்கு அடியில் பச்சை ஓடித் தெரியும் என்று ஒரு குறிப்பு வேண்டும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் கட்டாயம் வேண்டும். பச்சையாகத் தின்றான், பச்சையாகப் பேசினான், பச்சையாகப் புளுகினான்: வினை மாறினால் பொருளே மாறிவிடுகிறது. பொய்யைப் பூசி மெழுகாமல் சொன்னால் பச்சைப் பொய். அதே பூச்சு இல்லாத பேச்சு எல்லை தாண்டினால் கெட்ட பேச்சு. பசுமையும் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லுங்கள். பசுமையான நினைவு என்கிறோம். பச்சையான நினைவு என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். தமிழைப் புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இங்கேதான். அவருக்குக் கைகொடுக்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

இப்படிக்கு,
அகராதியைத் தினமும் புரட்டும் ஒரு வாசகர்