காதுக்கருவி பற்றி அப்பா எழுதுவது

குன்னூர்,
ஆடி 12.

அன்பு மகளுக்கு,

நலம். நீ கோவையில் பணம் கட்டிப் பொருத்தச் சொன்ன காதுக்கருவியை நாள்தோறும் அணிகிறேன். இவ்வளவு விலையில் வேண்டியிருந்ததா என்று மட்டும் தோன்றுகிறது. வேளைக்குச் சாப்பிடு.

அதன் முதுகில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகளும், ஒவ்வொன்றின் உள்ளே ஒரு மைக்கும் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒலி பின்துளையைத் தொட்டு, நொடியை லட்சமாகப் பகுத்தால் அதில் மூன்று பங்கு நேரம் கழித்தே முன்துளைக்கு வருகிறது. பின்மைக் வாங்கியதை அதே அளவு நேரம் பிடித்துவைத்து, முன்மைக் வாங்கியதிலிருந்து கழித்தால், பின்னால் எழுந்த சத்தம் அற்றுப்போகிறது. எதிரில் நிற்பவரின் பேச்சுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாததால் அது தப்பி நிற்கிறது.

மார்க்கெட் இரைச்சலிலும் காய்க்காரர் சொல்லும் விலை தெளிவாக விழுகிறது. அடுப்படியிலிருந்து உன் அம்மா முதுகுப் பக்கமாக அழைப்பது விழுவதில்லை. எதிரில் வந்து கோபித்துக்கொள்வது முழுமையாக விழுகிறது.

ஆடிக் காற்றிடம் மட்டும் இந்தக் கணக்குத் தோற்கிறது. இரு துளைகளிலும் காற்று ஒன்றுக்கொன்று தொடர்பின்றி மோதுவதால், கழிக்கக் கழிக்க இரைச்சல்தான் கூடுகிறது. கனத்த ஒலிகளோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால், கழித்தபின் மெலிந்துவிடுகின்றன. உன் மாமாவின் குரல்கூட இப்போது சிறுவன் குரலாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

பொங்கல் கழிந்து நீ பேசியபோது இந்தக் கருவி என்னிடம் இல்லை. நீ நெடுநேரம் பேசினாய், நடுவில் நிறுத்தினாய். நான் "நல்லதும்மா, நல்லதும்மா" என்றேன். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. வேலை போன செய்திக்கு நல்லது என்றிருக்கிறேன் என்பதை உன் அம்மா நேற்றுதான் சொன்னாள். அதற்குப் பின் நீ அழைக்கவில்லை. பங்குனியில், பணம் கட்டிவிட்டதாக இரண்டு வரி மட்டும் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் அருகே நின்ற முப்பது ஆண்டுகளும், கொடுத்த காதடைப்பானைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கேட்கவில்லை என்று உன்னிடம் சொல்லவும் கூச்சப்பட்டேன்.

போனைக் காதின் மேல்புறம், துளைகளுக்கு அருகில் பிடிக்க வேண்டுமாம், பழகிக்கொண்டேன். மாலை 6 மணிக்கு மேல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு முன்னறையில்தான் இருப்பேன்.

உன் அப்பா