கடலோரத்தில் இசைக்கருவிக் காட்சியகம்: மரப்பெட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில்களிலும் பழைய வீடுகளிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் கொம்பு, எக்காளம், சங்கு, தவில் போன்றவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, இராமநாதபுரம் கடலோரத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் இந்த உப்புக்காற்றில், வைக்கும் விதம் தெரியாமல் வைத்தால் பரணில் கிடப்பதைவிடச் சீக்கிரம் கெடும்.

முதலில் சங்கு. மன்னார் வளைகுடாச் சங்கு கடலுக்கு அடியில் பல ஆண்டு தாங்கும். பிளைவுட் அலமாரியில் தாங்காது. பிளைவுட்டும் அதன் பசையும் வெளிவிடும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து சங்கின் சுண்ணாம்பை அரிக்கும். மேலே வெள்ளையாகப் பூக்கும் பொடியைக் கடல் உப்பு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். துடைப்பதோடு சங்கின் மேற்பரப்பும் போகிறது, போனது திரும்பாது. கண்ணாடியும் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமும் போதும்.

பித்தளை, வெண்கலக் கருவிகளைப் புளி போட்டு விளக்கவே கூடாது. கெட்டியான கரும்பச்சைக் களிம்பு இருந்துவிட்டுப் போகட்டும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் ஆபத்து: உள்ளே புகுந்த உப்பு, ஈரம் பட்டு உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். அந்தக் கருவியைத் தனியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சுமார் 120 டிகிரியில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

மிருதங்கத்தின் கரணையில் (வலப்பக்கத் தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சில்) கல்தூளோடு சோறும் இருக்கிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து. தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை ஒட்டியிருந்தால் கரப்பான் தேடி வரும், சுரண்டிவிட வேண்டும். தோலை இழுத்துக் கட்டும் வாரைச் சற்றே தளர்த்தலாம், முழுக்க அவிழ்த்தால் தோல் சுருங்கிக் காய்ந்து பிறகு படியாது. வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகில் நிற்பவை. பெட்டிக்குள் சூடான விளக்கு போட்டால் அவை நகர்ந்துவிடும்.

நாகசுரத்தைச் சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் செய்யும் வேலை, கீழ்ப்பக்கத் துளைகளில் அடைத்த மெழுகை அழுக்கென்று குத்தி எடுப்பது. வாசித்தவர் தன் சுருதிக்காக அடைத்த மெழுகு அது. அந்த நாகசுரம் எப்படி ஒலித்தது என்பதற்கு எஞ்சியுள்ள தடயமே அதுதான். எடுக்காதீர்கள்.

ஏசியைப் பகலில் ஓட்டி மாலையில் நிறுத்துவது எல்லாவற்றையும்விடக் கெடுதல். காய்வதும் ஊறுவதுமாக நாகசுரத்தின் ஆச்சா மரமும் மிருதங்கம், வீணையின் பலாவும் நீளவாக்கில் வெடிக்கும். இரவும் பகலும் ஓட்ட முடியாதென்றால் ஏசியே வேண்டாம். தடித்த சுவருள்ள அறையும் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியும் போதும்.

பிள்ளைகள் ஊதிப் பார்க்க ஆசைப்படுவார்கள். பழையதைக் கொடுக்காதீர்கள், மூச்சின் ஈரம் மரத்தைப் பிளக்கும். பூச்சி வராமல் இருக்க எப்போதோ தடவிய நஞ்சும் அதில் இருக்கலாம். புதுச் சங்கு இரண்டு வாங்கி வாசலில் வையுங்கள், ஒவ்வொருவர் ஊதியதும் கழுவித் துடைக்க ஓர் ஆளோடு.

– இசைக்கருவி பழுதுபார்ப்பவர், மண்டபம்