சிரசாசனப் பயிற்சி குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, விடைத்தாள்களும் திருத்திக் கொடுக்கப்பட்டுவிட்டன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர். அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஜூன் 21 யோகா தினத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஆசனங்களில் ஆர்வம் கூடியிருப்பது மகிழ்ச்சி. அதையொட்டி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. செல்போனில் பார்த்து வீட்டில் சிரசாசனம் செய்துவிட்டு, கழுத்து வலியோடு சிலர் பள்ளிக்கு வருகிறார்கள். கேட்டால், மெத்தையில் தலையை ஊன்றிச் சுவரை நோக்கி எம்பியதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு. மெத்தை அமுங்கினால் தலை ஒருபக்கம் சாயும். எம்பிய வேகம் அத்தனையும் கழுத்தில் இறங்கும். நான்காக மடித்த ஜமுக்காளம் போதும்.

பழகும் பிள்ளைக்குப் பாரத்தைத் தாங்க வேண்டியவை முன்கைகளும் தோள்களும்தான். அதனால் பள்ளியின் காலைப் பயிற்சியில் முதலில் டால்பின் நிலை மட்டுமே. மண்டியிட்டு, ஒவ்வொரு கையாலும் மறு கையின் மேற்பகுதியைப் பிடித்தால் வரும் அகலமே முழங்கைகளுக்கு அளவு. பிறகு முன்கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கோத்து, இடுப்பை உயர்த்தி, தலை தரையில் படாமல் 8 முதல் 10 மூச்சு நிற்க வேண்டும். தோள்கள் காதுப் பக்கம் சரிந்தால் பலம் இன்னும் வரவில்லை. இது நிலைப்பட வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

அதன் பிறகே உச்சந்தலை தரையைத் தொடும். அப்போதும் தலைக்கடியில் வைத்த தாள் இழுத்தால் வந்துவிட வேண்டும். பாதங்களை முகத்தை நோக்கி நடத்தி, இடுப்பைத் தோளுக்கு நேர்மேலே கொண்டுவந்தால் கால்கள் தாமாகவே லேசாகும். முழங்கால்களை மார்போடு மடித்து அங்கேயே நிற்கப் பழகட்டும். கால் நீட்டுவது கடைசி. அதிகம் நேரும் பிழை முழங்கை வெளியே விலகுவது. விலகிய கணமே பாரம் கழுத்துக்குப் போய்விடும். உடனே இறங்கிவிட வேண்டும். இறங்குவது ஏறிய வரிசைக்கு நேர்மாறாக, படிப்படியாகத்தான். இறங்கியதும் பாலாசனத்தில், அதாவது மண்டியிட்டு முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில், தலை தாழ்த்திச் சற்று இருக்க வேண்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

பிள்ளையின் காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி வீடியோ எடுப்பதை நிறுத்துங்கள். ஆசிரியர் இல்லாமல் வகுப்பறையிலோ மைதானத்திலோ தலைகீழாக நிற்கும் மாணவரின் பெற்றோரை அழைத்துப் பேசுவோம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். கண் நோய், காது வலி, கழுத்து வலி, ரத்த அழுத்தம் எதுவானாலும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். சளி பிடித்த நாளிலும், சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குள்ளும் செய்ய வேண்டாம்.

பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்க நினைக்கவில்லை. வீட்டில் டால்பின் நிலையை உங்கள் கண்ணெதிரே தாராளமாகச் செய்யட்டும். சந்தேகம் இருந்தால் மாலையில் உடற்கல்வி ஆசிரியரைச் சந்திக்கலாம். காலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை நேரத்தோடு, வெறும் வயிற்றில் அனுப்பி, பிறகு சாப்பிடச் சிற்றுண்டியும் கொடுத்தனுப்பும் பெற்றோர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்