மூடி திறக்காத பாட்டில்

அன்புள்ள குண்டூசி,

மூன்று மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நெட்டையிடம் புலம்பினாயாம். புலம்பு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் என் கடைசிக் கடிதத்துக்கு ‘பிறகு விவரமாக எழுதுகிறேன்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டவள் யார் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார். இங்கே எல்லோரும் நலம். இப்போது நலம். அந்த ‘இப்போது’ பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கோடையில் நாங்கள் வீடு தங்கவே இல்லை. அக்கா வீடு, ஒரு கல்யாணம், பிறகு மலைமேல் ஒரு வாரம். குளிருக்காக மலை ஏறினால், எங்களுக்கு முன்னால் வெயில் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்து வைத்துவிட்டுப் பையனின் செருப்பை மறந்தார். அந்தச் சண்டையை நேரில் சொல்கிறேன், எழுதினால் தாள் தாங்காது.

ஊர் சுற்றாத நாட்களில் இரவுச் சாப்பாடு கொல்லைப்புறத்தில்தான். வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர்கள் ராத்திரி அதைத் திருப்பிக் கக்குகின்றன. எட்டு மணிக்குக் கை வைத்தாலும் சுடுகிறது. விளக்கைத் தள்ளி வைத்தால் பூச்சியெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், அரை இருட்டில் பாயை விரித்துச் சாப்பிடலாம். தட்டில் என்ன விழுந்தது என்று யாரும் ஆராயக் கூடாது என்பது சட்டம். விடுதியில் மின்சாரம் போன அந்த இரவு நீ எதை விழுங்கினாய் என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, கவலைப்படாதே.

அப்பாவுக்கும் பேரனுக்கும் அங்கே ஒரு விளையாட்டு பிடிபட்டது. சுவர்க்கோழி கத்துவதை எண்ணி வெப்பநிலையைச் சொல்லலாம் என்று பையன் எங்கோ படித்து வந்தான். 1897-இல் ஆமோஸ் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலர் இதற்கு ஒரு சூத்திரமே எழுதியிருக்கிறார். சூடு ஏற ஏறப் பூச்சியின் தசைகள் வேகமாக இயங்கும், சத்தமும் நெருங்கும். 8 வினாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி, 5 கூட்டினால் ஏறக்குறைய செல்சியஸ் கணக்கு வந்துவிடுமாம். எல்லாச் சுவர்க்கோழிக்கும் பொருந்தாது என்பது வேறு விஷயம். அமெரிக்க மரங்களில் வாழும் ஒரு வகைக்குத்தான் சரியாக வரும். எங்கள் கொல்லைச் சுவர்க்கோழி எந்தக் குலமோ! தாத்தா கணக்கில் 32, பேரன் கணக்கில் 28, சுவரில் தொங்கும் வெப்பமானியில் 31. தினமும் சண்டை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் முழங்காலில் தட்டி எண்ணுவார். நமக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது ‘ஒன்று, இரண்டு, மிதி’ என்பாரே, அதே விரல்.

அக்கா வீட்டிலிருந்து காரில் திரும்பிய அன்று ராத்திரியும் எண்ண உட்கார்ந்தார். பதினொன்று வரை வந்தவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, “உன் அம்மா உள்ளே தனியாக இருக்கிறாள், சாப்பிடக் கூப்பிடு” என்றார்.

அம்மா போய் ஆறு வருடம். நீதான் வந்திருந்தாயே.

பையன் சிரித்துவிட்டான், தாத்தா விளையாடுகிறார் என்று. நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றப் போனேன். நினைவு தடுமாறுகிறவருக்கு ஊற்றினால் புரையேறும் என்று வீட்டுக்காரர் தடுத்தார். செடிக்கு ஊற்றும் குழாயைத் திருப்பி, போர்வையை நனைத்து அவர்மேல் போர்த்தி, மின்விசிறியைக் கொல்லைக்கே இழுத்து வந்தார். அந்த மனிதரைச் செருப்புக்காகத் திட்டியதை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன், அவரிடம் சொல்லாமல்.

மருத்துவமனையில் பார்த்தபோது 39.4 டிகிரி. 40-ஐத் தாண்டியிருந்தால் வெப்ப வாதம், அதாவது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ என்றே எழுதியிருப்பேன் என்றார் மருத்துவர். நரம்பில் திரவம் ஏற்றினார்கள். “இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தெரியவில்லை.

பையனுக்குத் தெரிந்திருந்தது. “தாத்தா குடிக்கவே இல்லை. குடித்தால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.”

போகும்போது நான்கு முறை ஒதுங்குவதற்கு நிறுத்தச் சொன்னார். நான்காவது முறை, “அப்பா, இப்படி நின்று நின்று போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார். திரும்பும்போது ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காரைத் துடைக்கப் போனால், அவர் இருக்கைக்குக் கீழே பாட்டில், மூடியே திறக்கவில்லை.

வெளியே 41 டிகிரி, காரில் ஏசி பழுது, கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தோம். 37 டிகிரி உடம்பை 41 டிகிரிக் காற்றா குளிர்விக்கும்? வியர்வை ஆவியாகும்போதுதான் சூடு இறங்குகிறது, வியர்க்க உள்ளே நீர் வேண்டும். வயதானால் தாகமும் மங்கிவிடுமாம். அதோடு ரத்த அழுத்தத்துக்கு அவர் போடும் மாத்திரை, நீரை வெளியேற்றும் வகை. போகும்போது நான்கு முறை நிறுத்தச் சொன்னதும் அதனால்தான். எனக்கு அது தொந்தரவாகத் தெரிந்தது, பார்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதற்கு?” என்றார். உண்மையிலேயே நினைவில்லையா, நடிக்கிறாரா என்று தெரியவில்லை. அது என்னை இன்னும் படுத்துகிறது. இப்போது அவர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பத்து மணிக்கு இதுவரை, ஒரு மணிக்கு இதுவரை என்று. நேற்று அதைச் செடிக்கு ஊற்றியபோது பிடிபட்டார். செடி மட்டும் மனிதப் பிறவி இல்லையா என்று எதிர்க் கேள்வி வேறு.

நீ அடுத்த வாரம் உன் மாமியாரைப் பஸ்ஸில் அழைத்துப் போகிறாய் என்று நெட்டை சொன்னாள். அதனால்தான் தபாலை இன்றே போடுகிறேன். ‘தண்ணீர் வேண்டுமா அத்தை’ என்று கேட்காதே, வேண்டாம் என்பார். மூடியைத் திறந்து கையில் கொடு. பஸ் நிற்கும் இடமெல்லாம் அவர் கேட்பதற்கு முன் நீயே, ‘எனக்குப் போக வேண்டும், துணைக்கு வாருங்கள்’ என்று சொல். பொய்தான், பரவாயில்லை.

அப்பா உன்னைக் கேட்டார். குண்டூசி இன்னும் பிரேக்கை விட்டுவிட்டுக் காலைத்தான் ஊன்றுகிறாளா என்று கேட்கச் சொன்னார். நேற்று 26 வரை எண்ணினார். பையன் 24 என்கிறான்.

உன்,
வாயாடி